திருவனந்தபுரம் – டொரான்டோ: தூரம் ஒன்றுதான், மணிக்கணக்கு ஏன் இத்தனை விதம்?

கேள்வி இது: நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவும் அப்பாவும் முதல்முறையாக டொரான்டோவுக்கு மகள் வீட்டுக்குப் போகிறார்கள். திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் மாறிப் போகும் பயணம். தூரம் ஓரிடத்தில் 13,750 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 8,540, வேறோரிடத்தில் 7,425. பறக்கும் நேரம் 16 மணி என்கிறது ஒரு கணக்கு. டிக்கெட்டில் 22 மணி என்று போட்டிருக்கிறது. கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் 12½ மணிதான் வருகிறது. இதில் எது சரி?

எல்லாமே சரிதான். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. ஆனால் அம்மாவும் அப்பாவும் உண்மையில் தாங்க வேண்டிய நேரம் இவற்றில் எதுவுமே இல்லை. அது வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை ஏறக்குறைய 30 மணி நேரம். எந்த வழியாகப் போனாலும் வானத்துத் தூரம் பெரிதாக மாறாது. அந்த 30 மணி 26 ஆவதும் 40 ஆவதும் இடையில் மாறும் விமானத்தையும், நாகர்கோவில் சாலையையும் பொறுத்தது. அதனால் தூரத்தை முதலில் முடித்துவிட்டு, நேரத்தை நிதானமாகப் பார்ப்போம்.

13,750 என்பது கிலோமீட்டர். 8,540 என்பது சாதாரண மைல், அதாவது 1.609 கி.மீ. கொண்டது. 7,425 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளும் கப்பல்காரர்களும் கடல் மைலில்தான் கணக்குப் பார்ப்பார்கள். மூன்றும் ஒரே தூரம்.

இந்தத் தூரத்தைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். பிளஸ் டூ கணக்கு போதும். திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு அட்சரேகை 8.48, கிழக்குத் தீர்க்கரேகை 76.92. டொரான்டோ பியர்சன் விமான நிலையம் வடக்கு 43.68, மேற்கு 79.63. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 156.55 டிகிரி. பிறகு,

சைன் 8.48 × சைன் 43.68 = 0.1475 × 0.6906 = 0.1019
கோசைன் 8.48 × கோசைன் 43.68 × கோசைன் 156.55 = 0.9891 × 0.7232 × (−0.9174) = −0.6562
இரண்டையும் கூட்டினால் −0.5543
அந்தக் கோசைனுக்கு உரிய கோணம் 123.66 டிகிரி

பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 111.2 கி.மீ. பெருக்கினால் 13,751. பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் நுட்பமான மென்பொருள்கள் தரும் விடை பத்து இருபது கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தப்பு வருவது மூன்று இடத்தில். மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறந்தால், விடை டொரான்டோவுக்குப் பதிலாகச் சீன எல்லைக்குப் பக்கத்தில், கஜகஸ்தானில் ஏதோ ஒரு இடத்துக்கு வந்து நிற்கும். 8 டிகிரி 29 நிமிடம் என்பதை 8.29 என்று எழுதிவிடுவது இரண்டாவது தப்பு. நிமிடத்தை 60ஆல் வகுத்து 8.48 என்று எழுத வேண்டும். மூன்றாவது, கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருப்பது. விடை கொஞ்சமும் பொருந்தாமல் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அரபிக்கடல், செங்கடல், சகாரா பாலைவனம், அட்லாண்டிக் கடல் என்று மேற்கே போகும். அந்தக் கோட்டின் நீளம் சுமார் 15,750 கி.மீ. சுற்றுவழி அது. குழந்தைகள் வைத்திருக்கும் பூமி உருண்டையில் திருவனந்தபுரத்தில் ஒரு நூலைப் பிடித்து, டொரான்டோ வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறும். மத்திய ஆசியா, ரஷ்யா வழியாகப் போய், ஐஸ்லாந்துக்கும் வடக்கே 70 டிகிரி அட்சரேகையைத் தொட்டு, கிரீன்லாந்தின் மேலாகக் கனடாவுக்குள் இறங்கும். மிகக் குறுகிய பாதை அதுதான். தட்டையான படம் துருவப் பகுதியை இழுத்து அகலப்படுத்திக் காட்டுவதால்தான் நம் கண் ஏமாறுகிறது. குமரி முனையில் இருந்து கிளம்பும் ஒருவர் கனடாவுக்குப் போக வடக்கு நோக்கித்தான் பறக்கிறார். திசைமானியில் நேர் வடக்கில் இருந்து 20 டிகிரி மட்டும் மேற்கே சாய்ந்த திசை.

இதனால் ஒரு நன்மை உண்டு. துபாயும் டெல்லியும் லண்டனும் அந்தக் கோட்டை விட்டு ரொம்ப விலகி இல்லை. திருவனந்தபுரம் – துபாய் சுமார் 2,940 கி.மீ., துபாய் – டொரான்டோ சுமார் 11,080 கி.மீ. மொத்தம் 14,020. நேர்க்கோட்டை விட 270 கி.மீ. மட்டுமே கூடுதல், விமான வேகத்தில் அது இருபது நிமிடத்துக்கும் குறைவு. டெல்லி வழியாகப் போனால் மொத்தம் சுமார் 13,870. லண்டன் வழியாகச் சுமார் 14,100. ஆக, துபாய் சுற்றுவழி, டெல்லி நேர்வழி என்று சொல்லி ஒருவர் டிக்கெட் விற்க வந்தால் அந்த வாதத்துக்குக் காது கொடுக்க வேண்டாம். நல்ல இணைப்பு எதில் கிடைக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இப்போது நேரம். 16 மணி என்று காட்டும் கணக்கு ரொம்ப எளிமையானது. 13,750 கி.மீ. தூரத்தை மணிக்கு 885 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டினால் 16 வரும். அப்படி ஒரு நேர் விமானம் திருவனந்தபுரத்தில் இருந்து கிடையாது. போக முடியாத தூரமா என்றால் இல்லை. சிங்கப்பூரில் இருந்து நியூயார்க் வரை 15,300 கி.மீ. தூரத்துக்கு நேர் விமானம் ஓடுகிறது. திருவனந்தபுரத்தின் ஓடுபாதையும் 3,398 மீட்டர்; பெரிய விமானங்கள் இறங்கி ஏறப் போதுமானது. தினமும் ஒரு முழு விமானத்தை டொரான்டோ போகிறவர்களை மட்டும் வைத்து நிரப்ப முடியாது என்பதே காரணம். துபாய்க்கு என்றால் அங்கே வேலை செய்கிறவர்களும், அங்கிருந்து ஐம்பது ஊர்களுக்குப் பிரிந்து போகிறவர்களும் ஒரே விமானத்தில் ஏறுவார்கள்.

டிக்கெட்டில் போடும் பறக்கும் நேரம் வேறு. விமானம் வாயிலை விட்டுப் பின்னால் நகரத் தொடங்கும் நிமிடத்தில் இருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிறுத்தப்படும் நிமிடம் வரை அது எண்ணப்படும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

வேகத்தை எடுத்துக்கொண்டால், 11 கி.மீ. உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரி குளிர். அங்கே ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. பெரிய விமானங்கள் அதில் 85 சதவீதத்தில், அதாவது மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். இது காற்றுக்குள் போகும் வேகம். தரைக்கு மேல் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைக் காற்று முடிவு செய்யும். அந்த உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று ஒரு ஆறு மாதிரி. சில இடங்களில் மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் இருக்கும், குளிர்காலத்தில் இன்னும் பலமாகும். டொரான்டோ போகும்போது அதை எதிர்த்துப் போக வேண்டும், வரும்போது அது தள்ளிவிடும்.

வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. எதிர்காற்று என்று வையுங்கள். துபாய் – டொரான்டோ 11,080 கி.மீ. தூரத்தை 840ஆல் வகுத்தால் 13 மணி 11 நிமிடம். ஏறவும் இறங்கவும் ஊர்ந்து போகவும் 40 நிமிடம் சேர்த்தால் 14 மணிக்குப் பக்கத்தில் வந்துவிடும். திரும்பும்போது 40 கி.மீ. பின்காற்று என்றால் 12½ மணி. கால அட்டவணையில் போக 14, வர 12¾ என்று இருப்பதற்கு இதுதான் காரணம். திருவனந்தபுரம் – துபாய் 4 மணி, 4¼ மணி. அந்தத் துண்டில் காற்றால் பெரிய வித்தியாசம் வராது.

காற்றோடு வான்வெளித் தடைகளும் சேர்ந்துகொள்ளும். 2022 பிப்ரவரி இறுதியில் இருந்து கனடா விமான நிறுவனங்கள் ரஷ்யா மேல் பறக்க முடியாது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதன் பிறகு வட அமெரிக்கா போய்வரும் சில இந்திய விமானங்கள் இடையில் ஐரோப்பாவில் எண்ணெய் நிரப்ப இறங்கிப் போக வேண்டி வந்தது. டெல்லி வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் பழைய பறக்கும் நேரத்தை நம்பாமல், பயணத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு அதே விமானம் உண்மையில் எத்தனை மணி எடுத்தது என்று விமானங்களைப் பின்தொடரும் செயலி ஒன்றில் பார்த்துக்கொள்வது நல்லது. பத்து நாள் பதிவைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

இனி அந்த 22 மணிக்கும் 12½ மணிக்கும் உள்ள முடிச்சு. ஒரு மாதிரி அட்டவணை எடுத்துக்கொள்வோம். திங்கள் இரவு 9:00 மணிக்குத் திருவனந்தபுரத்தில் கிளம்புகிறது. 4¼ மணி பறந்தால் நம் கடிகாரத்தில் 1:15. துபாய் நம்மை விட 1½ மணி பின்னால், ஆகவே அங்கே இரவு 11:45. அடுத்த விமானம் துபாய் நேரம் 3:30. காத்திருப்பு 3¾ மணி. அங்கிருந்து 14 மணி பறந்தால் துபாய் நேரம் மாலை 5:30. அப்போது டொரான்டோவில் செவ்வாய் காலை 9:30. கூட்டினால் 4¼ + 3¾ + 14 = 22 மணி. கடிகாரங்களைக் கழித்தால் திங்கள் இரவு 9:00 முதல் செவ்வாய் காலை 9:30 வரை 12½ மணிதான். மீதி 9½ மணி இரு ஊர்களின் நேர வித்தியாசம்.

அந்த 9½ கோடையில் மட்டும்தான். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை டொரான்டோ நம்மை விட 9½ மணி பின்னால். மற்ற மாதங்களில் 10½ மணி. இந்தியாவிலும் துபாயிலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. டிக்கெட்டில் இருக்கும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம் என்பதால், பயணிகள் எதையும் மாற்றிப் போட வேண்டாம். தேதிக்கோடு எதையும் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பசிபிக் கடலில் இருக்கிறது, இந்தப் பாதையில் குறுக்கிடாது.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உயிரோடு சம்பந்தப்பட்டது. 12 மணிக்கு ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரையை ஊர் மாறும்போது கடிகாரம் பார்த்துச் சாப்பிட்டால் 21½ மணி இடைவெளி விழுந்துவிடும். அப்பாவின் கைக்கடிகாரத்தை டொரான்டோ வீட்டுக்குப் போகும்வரை இந்திய நேரத்திலேயே விட்டுவையுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் பயண அட்டவணையைத் தாளில் எழுதி, முன்னதாகவே மருத்துவரிடம் காட்டி அளவைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்தும் மருந்துச் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போகக் கூடாது.

அடுத்து, நம் பக்கத்து 70 கிலோமீட்டர். நாகர்கோவிலில் இருந்து விமான நிலையம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தூரத்தை விமானம் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். சாலையில் அதிகாலை என்றால் ஒன்றே முக்கால் மணி, பகலில் இரண்டரை மணி, மழையும் திருவிழாவும் சேர்ந்தால் மூன்றுக்கு மேல். தக்கலையும் மார்த்தாண்டமும் களியக்காவிளையும்தான் நேரத்தைத் தின்னும் இடங்கள். களியக்காவிளை தாண்டியதும் காரோட்டில் தொடங்கும் நான்குவழிப் புறவழிச்சாலையைப் பிடித்தால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் மாட்டாமல் கோவளம் வழியாக விமான நிலையம் இருக்கும் சாக்கைக்குப் போய்விடலாம். குளச்சல், புதுக்கடை, கொல்லங்கோடு பக்கத்துக்காரர்கள் பூவார், விழிஞ்ஞம் வழியாக வருவது இன்னும் சுருக்கம். வாடகை வண்டி பேசும்போது கேரளாவுக்குள் போகும் பெர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரவு நேரத்தில் எல்லையில் வண்டி நின்றால் அரை மணி வீண்.

திருவனந்தபுரத்தில் வெளிநாட்டு முனையம் சாக்கைப் பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். நடுவில் ஓடுபாதை. ஒன்றில் இறங்கி மற்றதற்கு நடந்து போக முடியாது, சாலை வழியே சுற்றி வர வேண்டும். துபாய் வழி என்றால் சாக்கை. டெல்லி வரை உள்நாட்டு விமானம் என்றால் டிக்கெட்டில் எந்த முனையம் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொன்னால் போதாது.

இன்னொன்று, இந்த விமான நிலையத்துக்கே உரியது. ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும், பத்மநாபசுவாமி கடலில் நீராடப் போகும் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த இரண்டு மாலைகளிலும் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்பட்டு, நேரங்கள் மாற்றப்படும். மாலை விமானம் எடுக்கும்போது அந்தத் தேதி ஆராட்டு நாளா என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்வது குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சிரமமில்லை.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முனையத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன இரவு 9:00 விமானத்துக்கு மாலை 6:00. வீட்டை விட்டுக் கிளம்புவது 3:30. அந்தப் பக்கம் காலை 9:30க்கு இறங்கி, குடிவரவு, பெட்டி, சுங்கம் முடித்து, ஸ்கார்பரோ போன்ற பகுதிக்குக் காரில் போய்ச் சேர 12:30 ஆகிவிடும். இந்திய நேரம் பிற்பகல் 3:30 முதல் டொரான்டோ நேரம் மறுநாள் 12:30 வரை எண்ணிப் பாருங்கள்: 30½ மணி. முந்திரிக்கொத்தும் கருவாடும் பெட்டியில் இருந்தால் சுங்கப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். சோதனைக்கு இன்னும் அரை மணி ஒதுக்குங்கள். மறைத்தால் அபராதம். மண் ஒட்டிய கிழங்கு, செடி எதையும் எடுத்துப் போக வேண்டாம்.

நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானங்களில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. 15ஆம் தேதி 4:30 மணி என்று டிக்கெட்டில் இருந்தால் அது 15 அதிகாலை. நாகர்கோவிலில் இருந்து 14ஆம் தேதி இரவு 11 மணிக்கே வண்டி கிளம்ப வேண்டும். 15 இரவு என்று நினைத்திருந்து விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. சீட்டைக் கையில் வாங்கியதும், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதியையும் கிழமையையும் நேரத்தையும் தமிழில் பெரிதாக எழுதி, சமையலறை நாள்காட்டிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இணைப்பு விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும்? நிறுவனம் ஒன்றரை மணி இடைவெளியிலும் டிக்கெட் விற்கும். முதல்முறை போகும் பெரியவர்களுக்கு அது போதாது. துபாய் முனையத்துக்குள்ளேயே ரயில் ஏறி, மறுபடியும் பாதுகாப்புச் சோதனை முடித்து, தொலைவில் இருக்கும் வாயிலுக்கு நடக்க வேண்டும். இரண்டரை மணிக்குக் குறையக் கூடாது. ஆறைத் தாண்டினால் நாற்காலியிலேயே இடுப்பு ஒடிந்துவிடும். மூன்று, நான்கு மணிதான் சரியான அளவு. டிக்கெட் எடுத்த உடனேயே சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது அது பதிவாகியிருக்க வேண்டும். நடக்கத் தெம்பு இருந்தாலும் பரவாயில்லை. ஆங்கிலம் பழக்கமில்லாதவர்களை வாயில் வரை ஒருவர் அழைத்துப் போய் விடுவது பெரிய நிம்மதி.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பதிவு எண்ணில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மலிவாக இருக்கிறதே என்று துபாய் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து வேறு நிறுவனம் என்று தனித்தனியாக எடுத்தால், பெட்டி துபாயோடு நின்றுவிடும். அதை எடுக்க வெளியே வர வேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லை. ஒரே டிக்கெட் என்றால் மாற்று விமானம் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் வேலை. 2025 ஜூன் 23 அன்று கத்தார் சில மணி நேரம் வான்வெளியை மூடியபோது வளைகுடா எங்கும் இணைப்புகள் குலைந்தன. அப்படிப்பட்ட நாளில் தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவர் நடுவழியில் கைவிடப்பட்டவர்தான். திருவனந்தபுரத்தில் பெட்டி போடும்போது ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக டொரான்டோவின் குறியீடு 'ஒய் ஒய் இசட்' இருக்கிறதா என்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். துபாயின் 'டி எக்ஸ் பி' மட்டும் இருந்தால் கவுன்டரை விட்டு நகராமல் அங்கேயே கேட்க வேண்டும்.

பதினான்கு மணி ஒரே இருக்கையில் இருப்பது காலுக்கு ஆபத்து. இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். ஓர இருக்கையை முன்பே குறித்துவிடுங்கள்.

திரும்பும் பயணத்தில் கணக்கு தலைகீழாகும். டொரான்டோவில் ஞாயிறு பிற்பகல் 2:30க்குக் கிளம்பினால், 12¾ மணி பறந்து துபாயில் திங்கள் காலை 11:15. குளிர்காலம் என்றால் இறக்கையில் படிந்த பனியை நீக்கத் திரவம் தெளிக்கும் நேரமும் சேரும். இந்தப் பக்கம் இணைப்பு இடைவெளியை இன்னும் ஒரு மணி கூட்டி வையுங்கள். நல்ல இணைப்பு கிடைக்காமல், துபாயில் இருந்து திருவனந்தபுரம் விமானம் இரவு 9:30க்குத்தான் என்றால், இங்கே இறங்குவது செவ்வாய் அதிகாலை 2:50. பயணம் 26 மணி 50 நிமிடம்தான், கடிகாரத்தில் 36 மணி 20 நிமிடம் ஓடியிருக்கும். அழைத்து வரும் வண்டிக்காரரிடம் 'செவ்வாய்க்கிழமை' என்று மட்டும் சொன்னால் அவர் செவ்வாய் பகலில் கிளம்புவார். திங்கள் இரவு விடிந்தால் செவ்வாய், அதிகாலை 1:30க்கு நாகர்கோவிலில் இருந்து வண்டி கிளம்ப வேண்டும், சாக்கை முனையத்துக்கு வர வேண்டும் என்று சொல்லி, அதை அவரே திருப்பிச் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள்.